காய்ந்த பக்கம்

இருட்டு விலகுவதற்குள் ஆட்களின் பெயர் வாசிக்கும் பெரட்டு முடிந்துவிட வேண்டும் பழனியப்பனுக்கு. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். தோட்டம் கைமாறி நான்கு வருஷமாகிவிட்டது. பால்மரங்களை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மேட்டில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டுகிறார்கள். கிராணி இப்போது கண்ட்ராக்டர். ஆனாலும் விடிகாலையில் மண்மேட்டின் மேல் ஏறி நின்று, டார்ச் விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதே நீள நோட்டைத் திறந்து, அதே வரிசையில்தான் பெயர் வாசிப்பார்.

"சதாசிவம்."

"இருக்கேன்யா."

"சன்னாசி."

"வந்துட்டேன்யா. குழி எங்கயும் ஓடிப் போயிடாது லா."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். பழனியப்பன் சிரிக்கவில்லை.

"ராக்காயி."

"இருக்கேங்க."

இருபத்து மூன்று பெயர்கள். தோட்டத்தில் பால் வெட்டிய நிரை வரிசை அது. யார் பெயருக்குப் பின்னால் தன் பெயர் வரும் என்பது ஒவ்வொருவருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். ராக்காயிக்கு அது சன்னாசியின் பெயர். பதினொரு வருஷமாக அவன் குரலைக் கேட்ட பிறகுதான் அவள் வாய் திறக்கும்.

விடிந்தபோது ஈப்போ நகரைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக் குன்றுகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாலு நாளாக விடாத மழை. அன்றைக்குத்தான் வெளிவாங்கியிருந்தது.

மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் மண் சரியாமல் தாங்க ஒரு நீளச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பன்னிரண்டடி உயரம். அதன் காலடியை ஒட்டி லோங்கான் வாய்க்கால் போடக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதடி ஆழம், ஆள் திரும்பினால் தோள் இடிக்கும் அகலம். சன்னாசி உள்ளே இறங்கி வெட்டி வாளியில் நிரப்புவான். ராக்காயி மேலே நின்று கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையிலேயே கொட்டுவாள். தள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட நேரமில்லை என்பது பழனியப்பனின் கட்டளை. கரையில் மண் இடுப்புயரம் ஏறி நின்றது. ஈரக் கயிறு ராக்காயியின் உள்ளங்கையைத் தின்றது. பால் வெட்டிக் காய்த்துப்போன கைதான். ஆனால் கத்தி பிடித்த இடம் வேறு, கயிறு அறுக்கிற இடம் வேறு.

"அக்கா, தெனமும் பெய்யிற தைப்பிங் மழை வழி தெரியாம இங்க வந்திடுச்சுபோல" என்றான் உள்ளேயிருந்து சன்னாசி. "இங்க காலு புதையுது."

"பலகை எங்க? நேத்து வரைக்கும் ரெண்டு பக்கமும் நின்னுச்சே?"

"ஆ சோய்க்கிட்ட கேளு."

ஆ சோய் தச்சன். ஐம்பது வயதுச் சீனன். ஈயக்குட்டைகள் ஓடிய காலத்தில் குழிகளுக்கு முட்டுக் கொடுத்தே வளர்ந்தவன். இந்தக் குழியின் இரு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே மரம் கொடுத்து இறுக்கியிருந்தான். முந்தின நாள் சாயங்காலம், மேலே மாதிரி வீட்டுக்கு உத்திரம் போட மரம் போதவில்லை என்று பழனியப்பன் அத்தனையையும் உருவச் சொல்லிவிட்டார். 'தா போலே, தா போலே' என்று ஆ சோய் கையை ஆட்டி மறுத்துப் பார்த்தான். கூடாது என்று அவன் சொன்னது எடுபடவில்லை. "தோட்டத்து மண்ணு. நம்ம மண்ணு. நிக்கும்" என்றார் பழனியப்பன்.

ஒன்பது மணி இருக்கும். ராக்காயி கயிற்றை இழுத்தாள். வாளி பாதி ஏறியது. அப்போது ஒரு சத்தம். இடிச் சத்தமில்லை. பெரிய மாடு ஒன்று படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. கண் எதிரே சுவர் தலையை ஒரு சாண் முன்னால் நீட்டியது. கரையில் குவித்திருந்த மண் அப்படியே குழிக்குள் உட்கார்ந்தது. ராக்காயி சறுக்கி விழுந்தாள். கயிற்றை விடவில்லை. விறைத்து நின்ற அந்தக் கயிற்றின் மறுமுனை மண்ணுக்குள் இருந்தது.

"சன்னாசி!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். மண்வெட்டி போட்டால் தலையில் படுமே என்று கையாலேயே தோண்டினார்கள். நகம் பிய்ந்தது யாருக்கும் தெரியவில்லை. அரைமணிக்கு மேல் ஆயிற்று. வெளியே எடுத்தபோது அவன் உடம்பு முழுக்கச் சிவப்பு மண். வாயில் மட்டும் வெள்ளைச் சேறு.

சிவப்பு மண் வெட்டிய ஆளின் வாயில் வெள்ளை எப்படி வந்தது? அந்த நேரத்தில் ராக்காயிக்கு அதை யோசிக்கத் தெம்பில்லை. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

சன்னாசியின் மனைவி மங்களம் மேலே கல் சுமந்துகொண்டிருந்தாள். அவள் வந்தபோது அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய லாரி புறப்பட்டுவிட்டது. பின்னாலேயே ஓடினாள். லாரி நின்று அவளையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

மத்தியானம் பழனியப்பன் தன் டட்சன் காரில் வந்தார். சாய்ந்த சுவரைப் பார்த்தார். அது நடுவில் வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து வெள்ளைச் சேறு மாவு கரைத்ததுபோலக் குழிக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவர் சதாசிவத்தை ஓரமாக அழைத்துப்போனார். சதாசிவம்தான் ஆட்களுக்கு மேஸ்திரி. நல்லவர், ஆனால் கிராணியின் முன்னால் நிற்கும்போது இன்னும் தோட்டத்துக் கூன் போடும் முதுகு அவருக்கு.

சதாசிவம் திரும்பி வந்து ராக்காயியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தண்ணி போக வழியில்லாம முட்டித் தள்ளிடுச்சாம் சுவர. ஓட்டைய அடைச்சது நம்ம பொம்பளைங்கதானேன்னு கேக்குறாரு."



அடைத்தது அவள்தான்.

ஆட்கள் தங்கும் கொங்சி அந்தச் சுவரைத்தான் முதுகாக வைத்துக் கட்டியது. ஒரு பக்கப் பலகை மிச்சம் என்று பழனியப்பனே காட்டிய இடம். முதலில் அது சுவரின் மேற்கு முனையில் இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாக ஓட்டைகள். பின்னால் தேங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்கு. ஆட்கள் அதைத் 'தண்ணிக் கண்' என்பார்கள். மேற்கு முனையில் அந்தக் கண்கள் இரவும் பகலும் வடிந்தன. படுத்திருக்கும் பிள்ளைகளின் பாய் நனைந்தது. மங்களத்தின் மகளுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. ராக்காயி தன் பழைய சாரோங் துணியைக் கிழித்துச் சிமெண்ட் தாளோடு சுருட்டி மூன்று கண்களை அடைத்தாள். அப்படியும் ஈரம் நிற்கவில்லை. பிறகுதான் சுவரின் நடுப்பகுதியைப் பார்த்தார்கள். அங்கே கண்கள் எல்லாம் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. எத்தனை மழை பெய்தாலும் ஒரு சொட்டு இல்லை. "இது நல்ல பக்கம், காய்ஞ்ச பக்கம்" என்று கொங்சியைப் பிரித்து அங்கே, இப்போது குழி வெட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மாற்றிக் கட்டினார்கள். தோட்டத்து லயத்திலும் ஒழுகாத வீடு கிடைத்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். அந்தக் கணக்கையே இங்கும் போட்டார்கள்.

சாயங்காலம் மங்களம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். உடம்பைத் திங்கட்கிழமைக்கு மேல்தான் தருவார்களாம். கண்ணீர் இல்லை. அவனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராக்காயி எதிரே போய் உட்கார்ந்தாள். வேறொருவர் சொல்லி இவள் காதில் விழக்கூடாது என்று தோன்றியது. "மங்களம், சுவரு சாஞ்சது அந்த ஓட்டைங்கள அடைச்சதாலதான்னு சொல்றாங்க. அடைச்சது நான்தான்."

மங்களம் சட்டையிலிருந்து தலை தூக்கினாள்.

"என் பிள்ளைக்காக அடைச்சே."

"ஆமா."

"அதுக்கு நான் என்னா சொல்லணும்ங்கிற? பரவாயில்லன்னா?" குரல் உயரவில்லை. "அது என் வாயில வராது. போயிடு."

ராக்காயி எழுந்து போனாள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அவள் அரிக்கன் விளக்கோடு சுவரடியில் இருந்தாள். கையில் கம்பி கட்டப் பயன்படும் ஒரு நீள இரும்புக் கம்பி. தான் செய்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மேற்கு முனைக்குப் போய் முதல் அடைப்பைக் குத்தி இழுத்தாள். துணி வந்தது. பின்னாலேயே தண்ணீர் பீறிட்டு அவள் மார்பில் அடித்தது. தெளிந்த தண்ணீர். ஒரு நிமிஷத்தில் வேகம் தணிந்து சாதுவாக வழிந்தது. கம்பியை உள்ளே விட்டாள். கல்லில் பட்டு 'கணீர்' என்றது. இரண்டாவது அடைப்பை எடுத்தாள். அங்கும் கல். அங்கும் தண்ணீர்.

மேற்கு முனை ஆடாமல் அசையாமல் நின்றது.

அவள் மெல்ல நடந்து, சாய்ந்த பகுதியின் ஓரத்துக்கு வந்தாள். யாரும் அடைக்காத கண்கள். தள்ளி நின்றபடி கம்பியை நீட்டி ஒன்றில் குத்தினாள். கல் தட்டுப்படவில்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. உருவியபோது கம்பி முழுக்க வெள்ளைச் சேறு. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. மேற்கிலிருந்து சுவர் எழும்பியபோது எஞ்சினியர் தினமும் வந்தார். சுவரின் முதுகில் கருங்கல் கொட்டினார்கள். அவர் வரவு நின்றதும் கல் லாரியும் நின்றது. பழைய ஈயக்குட்டையிலிருந்து வெள்ளைக் களிமண் ஏற்றிய லாரிகள் வந்தன. அதைக் கொட்டிப் பரப்பியது யார்? ராக்காயி, மங்களம், சன்னாசி, எல்லோரும்தான். காலால் மிதித்துச் சமப்படுத்தினார்கள். "மெத்தை மாதிரி இருக்கு, என்னை இங்கயே படுக்க வச்சிருங்க" என்று சன்னாசி அதன்மேல் மல்லாந்து படுத்துக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் களி தண்ணீரை விடாது. குடித்துக்கொண்டே இருக்கும். குடித்துக் குடித்து வீங்கிச் சுவரைத் தள்ளும். ஒழுகிய பக்கம்தான் உயிரோடிருந்த பக்கம். காய்ந்த பக்கம் என்று பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்தது அந்தச் சேற்றின் வயிற்றடியில்.

மண்மேட்டில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பெரட்டு.

பழனியப்பன் நோட்டைத் திறந்தார். "திங்கக்கெழம லேபர் ஆபிசர் வாரார். அதுக்குள்ள இந்தக் குழிய மூடிறணும். வெடிப்ப சிமெண்டு வச்சுப் பூசிறணும். கேட்டா, மழ, மண்ணு இளகிடுச்சு, விதி. அவ்வளவுதான். நானும் வேற எதையும் சொல்ல மாட்டேன். யாரு எந்த ஓட்டைய அடைச்சாங்கன்னு நான் ஏன் சொல்லணும்? நீங்க என்னயப் பாத்துக்குங்க, நான் உங்களப் பாத்துக்குறேன்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சதாசிவம்."

"இருக்கேன்யா."

"ராக்காயி."

பதில் வரவில்லை.

அவர் டார்ச்சைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தார். "ராக்காயி! காது கேக்கலயா?"

"எனக்கு முன்னால ஒரு பேரு இருக்குங்க."



"செத்தவன் பேர எதுக்கு வாசிக்கணும்?"

"வாசிச்சு, செத்துட்டான்னு எங்க முன்னால சொல்லிட்டுப் பேர அடிங்க. நீங்களா அழிச்சிட்டா அவன் வந்தானா வரலையான்னே இல்லாமப் போயிடும். குழிய மூடிட்டா அவன் எப்படிச் செத்தான்ங்கிறதும் போயிடும்."

"ஓ." பழனியப்பன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "பேசக் கத்துக்கிட்டியா? சரி. ஓட்டைய அடைச்சது யாரு? நீ சொல்லு."

"நான்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"மூணு ஓட்டை. என் சாரோங் துணி. மேற்கால மூலையில. ரெண்ட இப்பத்தான் எடுத்தேன், தண்ணி வந்துச்சு. உள்ள கல்லு இருக்கு. மூணாவத எடுக்கல. ஆபிசர் வரட்டும், அவர் முன்னால எடுக்கிறேன். அப்புறம் இங்க இருக்கிற ஓட்டைய நீங்க குத்திக் காட்டுங்க." வெள்ளைச் சேறு அப்பிய கம்பியை அவர் காலடியில் போட்டாள். "இத யாரு அடைச்சா?"

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியாஸ்பத்திரி பஸ்ஸு எங்க நிக்கும்னு தெரியுமில்ல?" அவர் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "உன் ஐசி என்னா கலரு ராக்காயி? சிவப்புதானே? இந்த நாட்டுப் பிரஜையா நீ? ஓட்டைய அடைச்சு ஆளக் கொன்னேன்னு நீயே போலீசுகிட்ட சொல்லு. கப்பல் ஏத்திவிடுவான்."

 தகரப் பெட்டியில் துணிக்கடியில் வைத்திருக்கும் அந்தச் சிவப்பு அடையாள அட்டை ராக்காயியின் கண்முன் வந்தது. அவள் பிறந்தது இந்த மண்ணில். அதற்குத்தான் காகிதமில்லை.  

"என் ஐசியும் சிவப்புதான்."

கொங்சி வாசலில் மங்களம் நின்றிருந்தாள். சன்னாசியின் சட்டையைத் தன் ரவிக்கைக்கு மேல் போட்டிருந்தாள்.

"அவ அடைச்சது மேற்கால, என் பழைய தலைமாட்டுல" என்றாள். "அவரு செத்தது அங்க இல்ல, இங்க. நேத்து எனக்கு யோசிக்க முடியல. இப்ப முடியுது. அந்தச் சேத்த நானும்தான் மிதிச்சேன். ஆபிசர்கிட்ட அதையும் சொல்றேன். மிதிக்கச் சொன்னது யாருன்னும் சொல்றேன். குழிய மூட யாராவது மண்வெட்டியத் தூக்கினா நான் உள்ள போய் உக்காந்துக்குவேன். என்னையும் சேத்து மூடுங்க."

சதாசிவம் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். வீசி எறியவில்லை, பழக்கப்படி துடைத்துத்தான் வைத்தார். "மூட மாட்டோம்யா" என்றார். குரல் கரகரத்தது. 'ஐயா' என்பதை அவரால் விட முடியவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

பழனியப்பன் ஒவ்வொரு முகமாக டார்ச் அடித்துப் பார்த்தார். விடிந்துவிட்டிருந்தது, வெளிச்சம் யார் முகத்திலும் ஒட்டவில்லை. பென்சிலை எடுத்து நோட்டின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்தார்.

"இருபத்து ரெண்டு பேரும் இல்ல. போங்க. திங்கக்கெழம வேற ஆளு வரும். அவன் மூடுவான்."

டட்சன் கீழே இறங்கிப் போயிற்று. கோபம் இறங்கியதும் பயம் வந்தது. எங்கே போவது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"மழ வந்தா அவரு ஆளே தேவையில்ல" என்றார் சதாசிவம். "குழி தானா மூடிக்கும்."

ஆ சோய் அதுவரை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சு பாதிதான் புரிந்திருக்கும். குழியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பிறகு கொங்சியைப் பார்த்தான். அதன் பலகைச் சுவரைச் சுத்தியலால் தட்டிக் காட்டினான். "பாப்பான்" என்றான். பலகை. "இனி போலே." இது ஆகும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

கொங்சியைப் பிரித்தார்கள். எப்படியும் அந்தச் சுவரடியில் இனி ஒரு பிள்ளையையும் படுக்க வைக்க முடியாது. பாய்கள், அடுப்பு, சாமி படம், தகரப் பெட்டிகள் எல்லாம் சாலையோரத்துக்குப் போயின. படுக்கைப் பலகைகள், கதவுகள், உத்திரங்கள் குழிக்கு வந்தன. யாரும் கீழே இறங்கக்கூடாது என்பதில் ஆ சோய் கண்டிப்பாக இருந்தான். ஒருவன் ஓரத்துக்கு நெருங்கியபோது, "நீ செத்தா நான் முட்டுக் கொடுக்க மாட்டேன்" என்பதுபோல ஏதோ சீனத்தில் திட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தான். முதலில் கரையில் குவிந்திருந்த மண்ணைத் தூரத்துக்கு அள்ளினார்கள். சாய்ந்த சுவரின் நெற்றிக்கு எதிரே தள்ளி நின்றபடி நீள உத்திரங்களைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பலகைகளை மேலிருந்தே குழிக்குள் இறக்கி, குறுக்கு மரம் வைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார்கள்.

பெண்கள் மேட்டின்மேல் தூரத்தில் ஏறி, மழைத்தண்ணீர் சுவர்ப்பக்கம் வராமல் திருப்பி விடக் குறுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். தோட்டத்து மேடுகளில் இருபது வருஷம் வெட்டிய வாய்க்கால்தான். மங்களமும் வெட்டினாள். ராக்காயி பக்கத்தில் வெட்டினாள்.  ஒரு தடவை மங்களத்தின் மண்வெட்டி வேரில் சிக்கியது. பழைய பால்மரத்து வேர். ராக்காயி தன் மண்வெட்டியை வைத்து நெம்பிக் கொடுத்தாள். மங்களம் அதை இழுத்துப் போட்டுவிட்டு மேலே வெட்டினாள்.

மழை பிடித்துக்கொண்டபோது கடைசிக் கான்வாஸை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராக்காயி எட்ட நின்று குழியைப் பார்த்தாள். அவள் படுத்த பலகை அதில் இருந்தது. மங்களம் படுத்த பலகையும் இருந்தது. எவ்வளவு நேர்த்தியாக நின்றது குழி! ஒரு பகல் வேலை. ஒரே ஒரு பகல். வெள்ளிக்கிழமை காலையில் இது இருந்திருந்தால் சன்னாசி இப்போது அதற்குள்ளிருந்து ஏதாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஞாயிறு முழுக்கப் பெய்தது. சாலையோரத்தில் தகரத்துக்கடியில் பிள்ளைகளை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பலகை ஒன்றுகூட அசையவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. கீழே வளைவில் டட்சன் நின்றிருந்தது. அதன் பின்னால் ஒரு லாரி. லாரி நிறையப் புது ஆட்கள். இறங்கச் சொல்லிக் காரிலிருந்து கை அசைந்தது. அவர்கள் இறங்கவில்லை, குழியைச் சுற்றி நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபிசரின் ஜீப் இன்னும் வரவில்லை. அவர் வருவாரா, வந்தாலும் கண்ணைத் திறந்து பார்ப்பாரா என்று யாருக்கும் தெரியாது.

சதாசிவம் மண்மேட்டின்மேல் ஏறினார். கையில் நோட்டு இல்லை. அது தேவையாகவும் இல்லை.

"சதாசிவம்" என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டு, "இருக்கேன்" என்று தானே சொன்னார். கூடவே வருகிற 'யா' இந்தத் தடவை வரவில்லை.

"சன்னாசி."

யாரும் பேசவில்லை. அவன் ஒரு கிண்டல் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். லாரியில் ஒருவன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"ராக்காயி."

"இருக்கேன்" என்றாள் அவள்.